சக்கர் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மீன் தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணாடியில் ஒரு சக்கர் மீன் ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்க் கிளீனர் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அந்த நினைப்பில்தான் வாங்குகிறார்கள். தங்க மீனுக்கு சாப்பாடு போடுவார்கள், கப்பிக்குப் போடுவார்கள், ஏஞ்சலுக்குப் போடுவார்கள். இதற்கு மட்டும் யாரும் தனியாக எதுவும் போடுவதில்லை, அதுதான் பாசி தின்னுமே என்று விட்டுவிடுவார்கள். புதுத் தொட்டியில், பளபளவென்று இருக்கும் கண்ணாடியில், அதற்குத் தின்ன என்ன இருக்கிறது? சுத்தமான தொட்டியில் சக்கர் மீன் பட்டினி கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சந்தேகம் இருந்தால் அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்ட மீனுக்கு வயிறு தட்டையாகவோ கொஞ்சம் உப்பியோ இருக்கும். வயிறு குழி விழுந்து உள்ளே போயிருந்தால், கண்ணும் உள்வாங்கியிருந்தால், அது பல நாள் பட்டினி. மேலே முதுகு முழுக்க எலும்புத் தகடு என்பதால் மேலிருந்து பார்த்தால் மெலிந்தது தெரியவே தெரியாது. செத்த பிறகு "நல்லாத்தான இருந்துச்சு" என்று சொல்வது இதனால்தான். கடையில் வாங்கும்போதும் இதே சோதனைதான், கண்ணாடிக்கு வெளியே குனிந்து வயிற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி தொட்டி வாங்கி வந்த அன்றைக்கே என்னிடம் கேட்டான், "அண்ணா, இந்த மீனப் போட்டா தண்ணியே மாத்த வேண்டாம்னு கடையில சொன்னாங்களே, நெசமா?" இல்லை தம்பி, கூடுதலாக மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் நூல் நூலாகக் கிடந்ததைக் காட்டின பிறகுதான் புரிந்தது. இந்த மீன் நாள் முழுக்கச் சுரண்டும், சுரண்டுகிற அளவுக்குக் கழிவும் போடும். மற்ற மீன்களின் கழிவை இது தின்று சுத்தம் செய்யாது. கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், அப்புறம் நைட்ரேட்டாக்கும், அந்த நைட்ரேட்தான் பாசிக்கு உரம். அதாவது பெரிய சக்கர் ஒன்றைச் சின்னத் தொட்டியில் விட்டால் பாசிக்கு நீங்களே உரம் போடுகிறீர்கள்.

எல்லாப் பாசியையும் அது தின்னும் என்பதும் சரியில்லை. புதுத் தொட்டியில் முதலில் படரும் பழுப்புப் படலத்தையும், கண்ணாடியில் மெல்லிசாகப் பிடிக்கும் பச்சையையும் நன்றாக மேயும். தண்ணீரே பச்சையாக மாறிவிட்டால் அதை இதனால் ஒன்றும் செய்ய முடியாது. செடியின் இலை ஓரத்தில் தாடி மாதிரி வளரும் கறுப்புப் பாசியை வாய் வைத்துக்கூடப் பார்க்காது. கண்ணாடியில் கெட்டியாகப் புள்ளி புள்ளியாக ஒட்டும் பச்சையை பிளேடு வைத்து நாம்தான் சுரண்ட வேண்டும். பாசி மிஞ்சிப் போவதற்குக் காரணம் வெளிச்சம் அதிகம், அல்லது சாப்பாடு அதிகம், அல்லது தண்ணீர் மாற்றாதது. ஜன்னல் ஓரத்தில், மேற்கு வெயில் விழுகிற இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு மீனைக் குறை சொல்லக் கூடாது.

சரி, அந்த மீன் யார் என்று பார்ப்போம். நம் கடைகளில் சக்கர் என்று இரண்டு மூன்று அங்குலத்தில் கிடைப்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது, சொந்த ஊர் தென் அமெரிக்கா. லோரிகாரிடே என்ற குடும்பம், கெளுத்தி வகைகளிலேயே மிகப் பெரிய குடும்பம் அதுதான். கடையில் விரல் நீளத்தில் வாங்கும் அந்த மீன் ஒன்றரை அடி வரை வளரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடத்துக்கு மேல் இருக்கும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பவே முடியாது. "சின்னத் தொட்டியில போட்டா அளவாத்தான் வளரும்" என்பார்கள். அளவாக வளரவில்லை, கெட்ட தண்ணீரில் வளர்ச்சி முடங்கிக் கிடக்கிறது. ஆயுளும் அதோடு குறைகிறது.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான், சக்கரை விட்டுவிட்டு பிரிஸில்நோஸ் வாங்குங்கள். ஆன்சிஸ்ட்ரஸ் என்பது இன்னொரு பெயர். அதே குடும்பம், அதே உறிஞ்சும் வாய், பாசி மேய்வதில் சக்கரைவிட ஒரு படி மேல், ஆனால் நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். இரண்டரை அடித் தொட்டியில் ஒரு ஜோடி நிம்மதியாக இருக்கும். வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேலே கிளை கிளையாக மீசை முளைத்திருக்கும், பெண்ணுக்கு உதட்டோரம் சின்னதாகக் கொஞ்சம் இருக்கும் அல்லது இருக்காது. குஞ்சாக இருக்கும்போது மீசை தெரியாது என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. முதுகுத் துடுப்பை விரிக்கும் வரை பொறுமையாக நின்று, துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற கதிர்களை எண்ணுங்கள். பிரிஸில்நோஸுக்கு முன்முள்ளை விட்டுவிட்டால் 7 இருக்கும். 10 அல்லது அதற்கு மேல் இருந்து, துடுப்பு பாய்மரம்போல அகலமாக விரிந்தால் அது பெரிதாகும் சக்கர். சிவப்புக் கண்ணோடு மஞ்சளாக இருக்கும் அல்பினோ இரண்டிலும் உண்டு, அதனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இனி எங்கள் ஊர்த் தண்ணீர். பாலக்காடு என்றதும் பச்சைப் பசேல் என்று நினைக்கிறார்கள். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி, போர்வெல்லை நம்பித்தான் பிழைப்பு, அந்தத் தண்ணீர் உப்பும் கடினமும். எங்கள் வீட்டில் கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படிகிற படிவமே அதற்குச் சாட்சி. இந்த மீன்களின் பூர்வீகத்தில் பல ஆறுகள் மென்மையான தண்ணீர் உள்ளவை. பிரிஸில்நோஸ் நடுத்தரமான கடினத் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும், பண்ணையில் பல தலைமுறையாக வளர்ந்த மீன் அது. ஆனாலும் நேராக போர் தண்ணீரை ஊற்றாமல் நான் மழைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கி, ஓடு நன்றாகக் கழுவிப் போன பிறகு வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் பல வாரங்களுக்கு ஓடும். முழுக்க மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை, அதில் உப்பே இல்லாததால் அமிலத்தன்மை சட்டென்று மாறிவிடும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரினை மறக்க வேண்டாம், ஒரு நாள் திறந்து வைத்து ஏரியேட்டர் ஓட விடுங்கள், இல்லையென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தைப் போடுங்கள்.

வீடு என்று இதற்கு வேண்டியது ஒரு பொந்து. விலை கொடுத்து செராமிக் குகை வாங்கலாம், ஆனால் தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு எதற்கு? நல்ல முற்றின தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, நார் எல்லாம் சுரண்டி, உள்ளே பருப்புத் துளிகூட இல்லாமல் பார்த்து, தண்ணீரில் கொதிக்க வையுங்கள். தண்ணீர் பழுப்பாகும், கொட்டிவிட்டுத் திரும்பக் கொதிக்க வையுங்கள். நிறம் வருவது நின்ற பிறகு ஓரத்தில் ஒரு வாசல் வெட்டி, அந்த வெட்டை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும். மீன் உள்ளே போனால் இரண்டு பக்கமும் உடம்பு உரசுகிற அளவுக்கு இடம் இறுக்கமாக இருந்தால்தான் ஆண் அதை வீடாக ஏற்றுக்கொள்ளும். பெரிய பொந்தைச் சீண்டவும் மாட்டான்.

அப்புறம் ஒரு மரத்துண்டு. மீன் கடையில் டிரிஃப்ட்வுட் என்று கிடைக்கும், ஊற வைத்து மூழ்குகிறதா என்று பார்த்துப் போடுங்கள். இந்த மீன்கள் அதையும் சுரண்டும், மரத்தின் மேலே படியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் அதற்கு உணவு. மரத்தையே தின்கிற பனாக் என்ற சொந்தக்கார இனம் ஒன்று உண்டு, மரத்தைக் கடித்துச் சீவி விழுங்கும், ஆனால் அதன் குடலை ஆராய்ந்து பார்த்ததில் மரம் பெரும்பாலும் செரிக்காமல் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது என்று தெரிந்தது.

சாப்பாடு ராத்திரியில். இந்த மீன் விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையில் நடமாடும். வெளிச்சத்தில் அதன் கண்ணைப் பாருங்கள், மேலிருந்து ஒரு மடல் இறங்கிக் கண்மணியைப் பாதி மூடியிருக்கும், இருட்டினதும் அந்த மடல் சுருங்கிக்கொள்ளும். பகலில் போடும் சாப்பாட்டை மற்ற மீன்கள் முடித்துவிடும், இதற்கு மிச்சம் வராது. வெள்ளரிக்காய், பீர்க்கங்காய், சுரைக்காய் எது வீட்டில் இருக்கிறதோ அதில் ஒரு துண்டு, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஆறினதும் ஒரு ஸ்டீல் ஃபோர்க்கில் குத்தி அடியில் நிறுத்துங்கள். ஃபோர்க்கின் கனத்தில் மிதக்காது. பீன்ஸ், பசலைக்கீரையும் போடலாம். காய்க்கு மருந்து அடித்திருப்பார்கள், தோலை எடுத்துவிடுங்கள். காலையில் மிச்சத்தைக் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும், இந்த வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே தண்ணீர் நாறும். வாரத்தில் சில ராத்திரி பாசிப் பொடி கலந்த அடியில் மூழ்கும் வில்லை. இவ்வளவுதான், இதற்கு ஒரு சக்கர் மீனின் விலைகூட ஆகாது.

மீன மாதமும் மேட மாதமும், அதாவது பங்குனியும் சித்திரையும், எங்களுக்குப் பெரிய சோதனை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக அடிக்கும், வெளியே 40 டிகிரி, தொட்டிக்குள் 32, 33 என்று ஏறிவிடும். பிரிஸில்நோஸுக்குப் பிடித்தது 22-லிருந்து 27 வரை. சூடு மட்டும் பிரச்சினை இல்லை, சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் கரையும் என்றால், 35-ல் 7-க்கும் கீழே. சக்கர் மீன் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது விளையாட்டு இல்லை. அதன் இரைப்பைச் சுவரில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன, விழுங்கின காற்றிலிருந்து ஆக்ஸிஜனை அங்கே எடுத்துக்கொள்கிறது. எப்போதாவது செய்தால் கவலையில்லை, அடிக்கடி செய்தால் தண்ணீரில் மூச்சுக்கு வழியில்லை என்று அர்த்தம். மூடியைத் திறந்து வலையால் மூடி, ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பில் படுகிற மாதிரி வையுங்கள். நம் காற்று காய்ந்த காற்று என்பதால் ஆவியாதல் வேகமாக நடந்து இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் குறையக் குறைய நிரப்ப வேண்டும், நிரப்ப மழைத் தண்ணீரையே பயன்படுத்துங்கள், போர் தண்ணீராக ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருப்பது நல்லது.

மழை வந்தால் எல்லாம் மாறிவிடும். குளிர்ந்த மழைத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக மாற்றினால் அதுவே முட்டை போடத் தூண்டுதல். பெண் சிரட்டைக்குள் போய் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டையிட்டுவிட்டு வெளியே வந்துவிடும், அதன் பிறகு எல்லாம் அப்பன் வேலை. வாசலை அடைத்துக்கொண்டு துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், சாப்பிடக்கூட சரியாக வெளியே வராது. சுமார் ஒரு வாரத்தில் பொரிந்து, வயிற்றில் மஞ்சள் கருப் பையோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகளை டார்ச் அடித்துப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் குஞ்சு உறிஞ்சப்படாது, மேய்வதற்கு ஸ்பாஞ்சின் மேலேயே படலமும் கிடைக்கும்.

மருந்து விஷயத்தில் கவனம். செம்பு கலந்த மருந்தும் உப்பும் இந்த வகை மீன்களுக்கு ஒத்துக்கொள்வது கஷ்டம், மற்ற மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தது என்று பாட்டிலில் போட்டிருக்கும் முழு அளவை ஊற்றிவிடாதீர்கள். பிடிக்கும்போது வலை வேண்டாம், தோள் துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொண்டு மீனும் கிழியும் வலையும் கிழியும். ஒரு டப்பாவை முன்னால் பிடித்து உள்ளே ஓட்டிவிடுங்கள்.

ஓட்டோசிங்க்லஸ் என்ற பாசி மேயும் குட்டிக் கெளுத்தி பற்றிக் கேட்கிறார்கள். ஒன்றரை அங்குல அழகு, செடித் தொட்டிக்கு அதைவிட நல்ல மேய்ப்பான் இல்லை, ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்பப்படுவது, வரும் வழியில் பட்டினி கிடந்தே பாதி உயிர் போயிருக்கும். பல மாதம் ஓடின பழைய தொட்டி இருந்தால் மட்டும், ஆறு ஏழு சேர்த்து வாங்குங்கள், மென்மையான தண்ணீர் இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம். சைனீஸ் ஆல்கே ஈட்டர் கெளுத்தியே இல்லை, வளர வளர முரடாகித் தங்க மீனின் உடம்பில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும். சக்கரின் குடும்பத்தைச் சேர்ந்த, வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட ஸீப்ரா பிளெக்கோ, எல்-046 என்ற எண்ணில் உலகமே தேடும் மீன், பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் ஒரு வளைவில் மட்டுமே இருப்பது, அங்கே பெலோ மான்ட்டே அணை வந்த பிறகு அதன் இருப்பே ஆபத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்து மகிழலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. சக்கர் ஒரு அடியைத் தாண்டினதும் வீட்டில் என்ன செய்கிறார்கள்? கொல்ல மனசு வராது. பாவம், எங்காவது பிழைத்துப் போகட்டும் என்று வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது பிழைக்கும், பிழைப்பதுதான் பிரச்சினை. எலும்புக் கவசம் போட்ட மீனை இங்கே எதுவும் எளிதில் தின்ன முடியாது. அழுக்குத் தண்ணீரில் காற்றை விழுங்கியே வாழும், தண்ணீருக்கு வெளியே ஈரத்தில் பல மணி நேரம் தாங்கும். கரையில் குடைந்து வளை தோண்டி அதில் முட்டையிடும், கரை இடிந்து சரியும். திருவனந்தபுரத்துக் கால்வாய்களில் பெருகிவிட்டது, கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் இருக்கிறது, ஆந்திர ஏரிகளில் மீனவர்கள் இதைப் பேய் மீன் என்று திட்டுகிறார்கள், வலையைக் கிழித்துவிட்டு விலையும் போகாத மீனை வேறு என்ன சொல்வார்கள். மெக்ஸிகோவில் இன்ஃபியர்னீயோ என்ற அணையில் ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் வலையில் கடைசியில் இதுவே நிறைந்து வந்தது.

எங்கள் பக்கத்துக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் இந்தப் பக்கம் வர வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாற்றில் ஒருவர் விடுகிற மீன் அதே வழியில் மூலத்தறைத் தடுப்பணைக்கு வரும், சித்தூர்ப் புழைக்கு வரும், அங்கிருந்து பாரதப் புழைக்குப் போகும். இந்த மலை ஓடைகளில் கல்லைப் பிடித்துக்கொண்டு பாசி மேயும் கல்லொட்டி என்ற நம் சொந்த மீன் இருக்கிறது. பாசி மேய்வது அதன் பிழைப்பு. அதன் சோற்றில் ஒன்றரை அடி நீளத்து அந்நிய மீன் வந்து வாய் வைத்தால் அது எங்கே போகும்? 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து அடித்துக்கொண்டு போன அரபைமா என்ற ராட்சத அமேசான் மீன் கேரளத்து ஆற்றில் பிடிபட்டதைப் பார்த்தவர்கள் நாம். வெள்ளம் கொண்டுபோனதை யாரும் தடுத்திருக்க முடியாது, வாளியில் தூக்கிப் போய்க் கொட்டுவதைத் தடுக்கலாம்.

வளர்ந்த சக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்கின கடையில் கேளுங்கள், சில கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டத்தில் சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் இருந்தால் கேளுங்கள், ஆனால் மழையில் நிரம்பி வழிந்து வாய்க்காலோடு சேராத தொட்டியாக இருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்கள் ஈரத் துணியும் ஒரு மூடி போட்ட வாளியுமாக எங்கள் வீட்டுக்கே கொண்டுவரலாம். பின்பக்கம் பெரிய தொட்டி காலியாகத்தான் இருக்கிறது. இந்த மழைக்குப் பொரிந்த பிரிஸில்நோஸ் குஞ்சுகள் இப்போது ஒரு அங்குலம் வந்துவிட்டன, சக்கரைக் கொடுத்துவிட்டு அதில் இரண்டு எடுத்துப் போங்கள், காசு வேண்டாம். வரும் முன் உங்கள் தொட்டியின் நீளத்தையும், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் மட்டும் சொல்லிவிடுங்கள்.